ஆமைக்கு வைத்த டர்போ

தம்பி குளியலறையில் சோப்பை மிதித்து வழுக்கி விழுந்துவிட்டான் என்று போனில் கேட்டதும் அக்காவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஜாக்கியில் தூக்கி நிறுத்திய கார்களுக்கு அடியில் முதுகைப் போட்டே காலம் கழித்தவன் அவன். அவ்வளவு இரும்பும் அவன்மேல் ஒரு கீறல் போட்டதில்லை. ஒரு துண்டு சோப்பு கவிழ்த்துவிட்டது. வலது மணிக்கட்டு முறிந்து, விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிய, முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. கல்யாணம் ஆகாத தனிக்கட்டை. சட்டைப் பொத்தானைப் போடக்கூட ஆள் கிடையாது.

அக்கா ஒரு பெரிய மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். சேர்ந்து கிடந்த லீவை எழுதிக் கொடுத்தாள். புருஷனையும் மகளையும் கூப்பிட்டு, "உங்க பாட்டை நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்து சேர்ந்தாள்.

வந்து பார்த்தால் வீடு திறந்து கிடந்தது, ஆளைக் காணோம். வீட்டை ஒட்டிய ஒர்க்‌ஷாப்பில்தான் இருந்தான். கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, ஓர் அட்டைப்பெட்டியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

"சும்மா பாத்துட்டு இருக்கேன்கா."

"பாத்தா வலி போயிடுமா?"

"வலி போகாது. ஆனா பாக்காம இருக்க முடியல."

பெட்டிக்குப் பக்கத்தில் பானட்டைத் திறந்துகொண்டு நின்றது அவனுடைய சொந்தக் கார். வெளிறிய பச்சை நிறம், சின்ன உடம்பு, வட்டமான முதுகு. அந்தத் தெருவில் அதற்கு ஆமை என்று பெயர். ஊரை விட்டு வெளியே போக ஒரே வழி மலைச்சாலைதான். அந்த ஏற்றத்தில் ஆமை மூச்சு வாங்கும். ஏசியை அணைக்க வேண்டும், ஜன்னலை இறக்க வேண்டும், பின்சீட்டில் கனமான ஆள் இருந்தால் மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொள்ள வேண்டும். மூட்டை ஏற்றிய லாரிகள்கூடப் பின்னால் வந்து ஹாரன் அடித்துத் துரத்தும். ஊரார் காரையெல்லாம் பறக்க வைக்கிறவனுக்கு வாய்த்த கார் இது.

அதற்கு ஒரு டர்போ வைக்க வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. கம்பெனியில் வைக்காத டர்போவை வெளியில் வாங்கி மாட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர்களை மாற்ற வேண்டும், ஆயில் திரும்பி வர, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்குகிற சம்ப்பில் வழி வைத்து வெல்டு செய்ய வேண்டும், காரின் கம்ப்யூட்டருக்குப் புதிதாகப் பாடம் எடுக்க வேண்டும். ஓய்ந்த நேரத்திலெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து வைத்திருந்தான். கடைசியாக டர்போவே வந்து சேர்ந்த மறுநாள் சோப்பில் கால் வைத்தான்.

"கட்டுப் பிரிக்கிற வரைக்கும் பொறுத்துக்கோ. அதுக்குள்ள இது என்ன ஓடியா போகும்?" என்றாள் அக்கா.

"ஓடத்தானே மாட்டேங்குது" என்றான் தம்பி, ஆமையைப் பார்த்தபடி.

அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குப் பாவமாகிவிட்டது. பையைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். தெர்மகோலுக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் நடுவில் இரும்பு நத்தை மாதிரி ஒன்று சுருண்டு படுத்திருந்தது. ஒரு பக்கம் கருத்த வார்ப்பிரும்பு, மறுபக்கம் வெள்ளை அலுமினியம். இரண்டு நத்தைகளை முதுகோடு முதுகு ஒட்டவைத்த மாதிரி. கையில் எடுத்தாள். அப்போதுதான் பிறந்த குழந்தையைவிடக் கொஞ்சம் கனம்.

வெள்ளை நத்தையின் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு சின்னச் சக்கரம். பூவிதழ்கள் ஒரே பக்கம் சாய்ந்து வளைந்த மாதிரி அதன் சிறகுகள். ஒவ்வொன்றும் கத்தி முனையாக மெலிந்திருந்தது. ஒரு விரலால் மெல்லத் தட்டினாள். சத்தமே இல்லாமல் சுற்றியது. விரலை எடுத்த பிறகும் கொஞ்சம் சுற்றி, யோசித்து யோசித்து நின்றது.

"இதைச் சுத்த வைக்கிறது யாரு? பெல்ட்டா, மோட்டாரா?"

"ரெண்டும் இல்ல. புகை."

"எந்தப் புகை?"

"சைலன்சர் வழியா வெளிய போகுதே, அதே புகை. பெட்ரோல் எரிஞ்சு, வேலை முடிஞ்சு, இனிமே வேண்டாம்னு இன்ஜின் தள்ளிவிடுற சூடான காத்து. அது சும்மா போகாம இந்தக் கருப்பு நத்தைக்குள்ள பூந்து ஒரு சக்கரத்தைச் சுத்திட்டுப் போகும். அதே அச்சுல இந்தப் பக்கமும் ஒரு சக்கரம். அது வெளிக்காத்தை இழுத்து அமுக்கி இன்ஜினுக்குள்ள திணிக்கும். காத்து கூடினா பெட்ரோலும் கூட எரியலாம். கூட எரிஞ்சா புகையும் கூடும். புகை கூடினா..."

"மறுபடியும் சக்கரம் வேகமா சுத்தும்."

"அவ்வளவுதான்."

"விடுற மூச்சை வச்சே இழுக்குற மூச்சைப் பெருசாக்குறீங்களா?"

தம்பி அவளை நிமிர்ந்து பார்த்தான். "இத்தனை நாளா எத்தனையோ பேருக்கு இதை விளக்கியிருக்கேன்கா. எனக்கு இப்படிச் சொல்ல வரல."

"எவ்வளவு வேகமா சுத்தும்?"

"நிமிஷத்துக்கு லட்சம் தடவைக்கு மேல."

அவள் சிரித்தாள். தம்பி சிரிக்கவில்லை. "நிஜமாவா?" என்றாள்.

"நிஜமாத்தான். அந்த வேகத்துல சாதாரண பேரிங் தாங்காது. அதனால அந்த அச்சு இரும்பைத் தொடாம ஆயில்லயே மிதக்கும். முடியைவிட மெல்லிசா ஒரு ஆயில் படலம். ஒரு பக்கம் நெருப்பு மாதிரி புகை, இன்னொரு பக்கம் வெறும் காத்து, நடுவுல அந்த ஆயில். அதை நம்பித்தான் எல்லாம்."

அக்கா அந்த நத்தையைப் பெட்டிக்குள் திரும்ப வைக்கவில்லை. மேசையில் ஒரு சுத்தமான துணியை விரித்து அதன்மேல் வைத்தாள். வைத்துவிட்டு, "எது எதை எப்படிப் பிடிக்கணும்னு நீ சொல்லு. என் கை சும்மாதானே இருக்கு" என்றாள்.

தன் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று தம்பிக்குச் சந்தேகமாகிவிட்டது.

மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக இல்லை. தரையைக் கழுவித் துடைத்திருந்தாள். ஸ்பானர்களை அளவு வாரியாகத் துணியில் அடுக்கியிருந்தாள். நட்டு, வாஷர், கேஸ்கெட் எல்லாம் தனித்தனி எவர்சில்வர் தட்டுகளில். கையுறை போட்டுக்கொண்டு, கூந்தலைத் துணிக்குள் செருகிக்கொண்டு, "ம், சொல்லு" என்று நின்றாள்.

பக்கத்துக் கடைத் தையல்காரர் டீ டம்ளரோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டபடியே தெருவெல்லாம் திரிகிற மனிதர்.

"என்ன சிஸ்டர், ஆமைக்கு ஆபரேஷனா? மயக்க மருந்து குடுத்தாச்சா?"

"உங்களுக்கும் சேத்து வாங்கி வச்சிருக்கேன். உக்காருங்க" என்றாள் அக்கா.

அவர் உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து அவர் கடையில் துணி கொடுத்தவர்கள் எல்லோரும் ஒர்க்‌ஷாப்பில்தான் வந்து அவரைத் தேட வேண்டியிருந்தது.

முதல் வேலையே முரண்டு பிடித்தது. பழைய மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும். இன்ஜினிலிருந்து புகையை வாங்கிச் சைலன்சருக்கு அனுப்புகிற அந்த இரும்புக் குழாய் வருஷக்கணக்காக வெந்து, துருப்பிடித்து, நட்டும் அதுவும் ஒன்றாகிப் போயிருந்தது. துரு இளக மருந்தடித்து ஊற வைத்தார்கள். தம்பி இடது கையால் இடத்தைக் காட்டிக்காட்டிச் சொல்ல, அவள் நீளமான ஸ்பானரில் தன் எடையையெல்லாம் போட்டுத் தொங்கினாள்.

"ஒரேயடியா இழுக்காதக்கா. உடைஞ்சிடும். கொஞ்சம் முன்னாடி, கொஞ்சம் பின்னாடி."

"எலும்பு டாக்டர் ஒருத்தர் இருக்காரு. அவரும் இதையேதான் சொல்லுவாரு. சொல்லிட்டு உடைச்சிடுவாரு."

நட்டு கிறீச்சென்று கத்திக்கொண்டு வந்தது. தையல்காரர் கைதட்டினார்.

கை பழகப் பழகத் தம்பிக்குப் பேச்சுக் குறைந்தது. அவன் கண்ணைப் பார்த்தே அவள் அடுத்த ஸ்பானரை எடுத்தாள். இத்தனை வருஷம் டாக்டர்களின் கைகளுக்குக் கருவியை எடுத்துக் கொடுத்தவள்; இப்போது கொடுக்கிறவளும் அவள்தான், வாங்குகிற கையும் அவளுடையதுதான். அது அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

டீ குடிக்கிற நேரத்தில் தம்பி கேட்டான்: "மனுஷ இதயத்தையே திறந்து பாக்குற ஆளு நீ. இந்த இரும்பைப் பாத்தா உனக்குச் சிரிப்பா இல்லையா?"

அக்கா கொஞ்ச நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தாள். "மொதமொத இதயத்தைத் திறந்து பாத்த அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. பயத்துல இல்ல. நாம பாட்டுக்குத் தூங்குறோம், சண்டை போடுறோம், இது பாட்டுக்கு உள்ள துடிச்சுட்டே இருக்கேன்னு. போன மாசம் ஒருநாள், இதயம் கண்ணு முன்னாடி துடிச்சுட்டு இருக்கு, நான் நின்னுக்கிட்டு, மாடியில காயப்போட்ட துணியை எடுத்தோமா இல்லையான்னு யோசிச்சிட்டு இருக்கேன். வேலையில ஒரு குறையும் இல்ல. கை சரியாத்தான் போகுது. ஆனா வீட்டுக்கு வந்து எனக்கே பயமாப் போச்சு."

தம்பி அவள் டம்ளரை வாங்கி ஒதுக்கி வைத்தான்.

புது மேனிஃபோல்டை ஏற்றினாள். அதன் வாய் மேல்நோக்கித் திறந்திருந்ததால், எதுவும் உள்ளே விழாமலிருக்கத் துணியைச் செருகச் சொன்னான் தம்பி. செருகினாள். பிறகு அதை உருவிவிட்டு, டர்போவை இரண்டு கையாலும் ஏந்தி, நான்கு போல்ட்டுகளின்மேல் இறக்கினாள். வாஷர் போட்டாள், நட்டைப் போட்டாள், குறுக்கும் நெடுக்குமாகச் சமமாக இறுக்கினாள். ஆயில் போகிற மெல்லிய குழாய், ஆயில் திரும்புகிற தடித்த குழாய், தண்ணீர்க் குழாய்கள். ரேடியேட்டருக்கு முன்னால், அமுக்கிய காற்றின் சூட்டை ஆற்றுகிற இன்டர்கூலர். அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே என்று கை அளவு தடித்த ரப்பர் வளைவுகளும் கிளாம்ப்புகளும். சாயங்காலம் ஆவதற்குள் முடிந்தே விட்டது. தம்பியின் முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"சாவியைக் கொண்டா" என்றான்.

அக்கா தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மிச்ச வாஷர் கணக்குல ஒண்ணு குறையுது."

"எங்கயாவது விழுந்திருக்கும்."

"எங்க?"

தரையில் தேடினார்கள். காந்தக் குச்சியை மேசைக்கு அடியிலும் சக்கரங்களுக்குப் பின்னாலும் இழுத்துப் பார்த்தார்கள். தையல்காரர் நாடா தரையில் புரள, மண்டியிட்டுத் தேடினார். அவருடைய குண்டூசி ஒன்றுதான் கிடைத்தது.

"விடுக்கா, தண்ணி போற ஓட்டையில போயிருக்கும்" என்றான் தம்பி.

"தியேட்டர்ல கணக்குச் சரியாகாம நாங்க தைக்க மாட்டோம்டா. எவ்வளவு பெரிய டாக்டரா இருந்தாலும் கையைக் கட்டிட்டு நிக்கணும். ஒரு பஞ்சு குறைஞ்சாலும்."

"இது கார்க்கா! மனுஷன் வயிறு இல்ல. எல்லாத்தையும் மறுபடி கழட்டச் சொல்றியா? காலையிலேர்ந்து பட்ட பாடு முழுக்க?"

"கழட்டப் போறது நீயா நானா?"

தம்பி வெடுக்கென்று எழுந்து வெளியே போனான். தெருவில் நின்று மாவுக்கட்டை மடக்க முடியாமல் மடக்கிப் பார்த்தான். உள்ளே ஸ்பானர் சத்தம் கேட்டது. தான் இல்லாமலே அவள் கிளாம்ப்புகளைக் கழற்றத் தொடங்கிவிட்டது தெரிந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பொறுக்க முடியாமல் திரும்பி வந்து டார்ச்சைப் பிடித்தான்.

டர்போவை மறுபடி தூக்கினாள். தம்பி இடது கையில் சின்னக் கண்ணாடியைப் பிடித்து மேனிஃபோல்டின் வாய்க்குள் விட்டான். வளைவு திரும்புகிற இடத்தில், இரும்போடு இரும்பாக, பளிச்சென்று ஒரு வட்டம் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஸ்டார்ட் பண்ணி ஒரு மிதி மிதிச்சா போதும்" என்றான் மெதுவாக. "புகை இதைத் தூக்கி நேரா அந்தச் சக்கரத்துமேல எறிஞ்சிருக்கும். சிறகு ஒண்ணு மிஞ்சியிருக்காது."

அக்கா காந்தத்தை விட்டு அதை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது.

"நான்தான் போட்டிருக்கேன். துணியை உருவும்போது அதோட ஒட்டிட்டு வந்து விழுந்திருக்கு."

"நீதானேக்கா எடுத்த."

தையல்காரர் முதல் தடவையாகக் கேலி பேசவில்லை. "நான் போய் டீ சொல்லிட்டு வரேன்" என்று மட்டும் சொல்லி எழுந்தார்.

மறுநாள் மறுபடி மாட்டினார்கள். இம்முறை கணக்குச் சரியாக இருந்தது. ஆனாலும் தம்பி உடனே ஸ்டார்ட் செய்ய விடவில்லை. முதலில் ஆயில் அந்த அச்சைப் போய்ச் சேர வேண்டும், காய்ந்த அச்சு சுற்றினால் அவ்வளவுதான் என்றான். பெட்ரோலையும் தீப்பொறியையும் துண்டித்துவிட்டு, சாவியைத் திருகி இன்ஜினை வெறுமனே சுழற்றச் சொன்னான். ஆயில் திரும்புகிற குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடி டம்ளருக்குள் விட்டிருந்தான்.

தையல்காரர் சாவியைத் திருக, அக்கா குனிந்து டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஜின் முக்கி முக்கிச் சுழன்றது. ஒன்றும் வரவில்லை. நிறுத்தி மறுபடி. அப்போதும் இல்லை. மூன்றாவது தடவை குழாயின் உதட்டில் தேன் நிறத்தில் ஒரு சொட்டுத் திரண்டது. தொங்கியது. விழுந்தது. பின்னாலேயே நூல் போல ஆயில் இறங்கத் தொடங்கியது.

"வந்துடுச்சு" என்றாள். குரல் அவளையறியாமல் தாழ்ந்திருந்தது. அந்த ஆயில் முடியைவிட மெல்லிய இடைவெளிக்குள் புகுந்து, இருட்டில் அந்த அச்சைத் தூக்கி மிதக்கவிட்டு இறங்கி வருகிறது என்று நினைத்ததும் அவளுக்கு மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன.

குழாயை மாட்டி, இன்ஜினை உயிர்ப்பித்தபோது பயங்கரமாகப் புகைந்தது. தையல்காரர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். "ஊத்தாதீங்க, ஊத்தாதீங்க! கைபட்ட எண்ணெய்தான் எரியுது!" என்று தம்பி கத்தினான். அவன் சொன்னபடியே புகை மெலிந்து அடங்கியது. பிறகு ஆமை எப்போதும்போல முணுமுணுத்துக்கொண்டு நின்றது. கூடவே மெல்லிய ஒரு மூச்சுச் சத்தம். அதை அக்காதான் முதலில் கேட்டாள்.

இனி ஓட்டிப் பார்த்துத்தான் காரின் கம்ப்யூட்டரைப் பழக்க வேண்டும். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொள்ளத் தம்பி இருக்கிறான்; ஓட்ட ஓர் ஆள் வேண்டும்.

"நீதான்" என்றான்.

"விளையாடுறியா? நான் நாற்பதைத் தாண்ட மாட்டேன். என் மகளே என்னோட வண்டியில ஏற மாட்டா. பஸ்ஸே சீக்கிரம் போயிடும்னு சொல்லுவா."

"அதான் வேணும். நான் சொல்ற மாதிரி மட்டும் மிதிக்கிற ஆள்தான் வேணும். வேகப் பைத்தியம் வேண்டாம்."

"நானும் வரேன்" என்று பின்கதவைத் திறந்தார் தையல்காரர். "ஏத்தத்துல வெயிட்டு வேணும்ல, சோதனைக்கு."

வெயில் சாய்கிற நேரத்தில் கிளம்பினார்கள். முதலில் தட்டையான சாலையில் மெல்லப் போகச் சொன்னான் தம்பி. இடது கையின் இரண்டு விரலால் தட்டிக்கொண்டே, "இன்னும் கொஞ்சம்... போதும், விடு... மறுபடி" என்றான். திரையில் எண்கள் ஓடின. ஆமை ஆமையாகத்தான் போனது. அக்காவுக்கு உள்ளுக்குள் ஏமாற்றமாக இருந்தது. சொன்னால் தம்பி மனசு நொந்துபோகும் என்று வாயைத் திறக்கவில்லை.

மலை ஆரம்பித்தது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. வழக்கம்போல வேகம் இறங்கியது. அவள் கை தானாக ஏசி பொத்தானுக்குப் போனது.

"அதைத் தொடாத" என்றான் தம்பி. "முன்னாடி நேர் ரோடு. லாரி ஒண்ணு போகுது, எதிர்ல யாரும் இல்ல. மூணாவது கியர் போடு. போட்டுட்டு மிதி. நான் சொல்ற வரைக்கும் எடுக்காத."

மிதித்தாள்.

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு பானட்டுக்கு அடியில் வெகு தொலைவில் யாரோ சீழ்க்கையடித்தார்கள். அந்தச் சீழ்க்கை மெலிந்து மேலே ஏறி, இன்னும் மேலே ஏறி, காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. அதே சமயத்தில் முதுகுக்குப் பின்னால் யாரோ இரண்டு கையையும் கொடுத்து ஏந்தியது போலிருந்தது. முரட்டுத்தனமாக அல்ல. ஆற்றுக்குள் நிற்கும்போது வெள்ளம் வந்து ஆளைத் தூக்குமே, அதுபோல. கைக்கு அடியில் ஸ்டியரிங் லேசாகிப்போனது. ஏற்றமே காணாமல் போயிற்று. சாலை சாய்ந்திருப்பதைக் கண் சொல்கிறது, உடம்பு நம்ப மறுக்கிறது. லாரியின் பின்பக்கம் பெரிதாகி, பக்கவாட்டில் வந்து, அதன் ஓட்டுநர் வாயைத் திறந்தபடி இவர்களைப் பார்த்த முகம் ஒரு நொடி தெரிந்து, பின்னால் போய்விட்டது.

"எடு!" என்றான் தம்பி.

காலை எடுத்தாள். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டது கார்.

பின்சீட்டில் தையல்காரர் அளவு நாடாவை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அக்காவுக்குக் கண் கலங்கி வழி மங்கலாகிவிட்டது. ஓரமாக நிறுத்தினாள்.

"என்னக்கா? பயந்துட்டியா?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். "வெறும் புகைடா அது" என்றாள். "வேண்டாம்னு வெளிய போற புகை. அதுவா நம்ம மூணு பேரையும் தூக்கிட்டுப் போச்சு?"

"கூட இவ்வளவு இரும்பையும்."

"எங்க இருந்துச்சு இத்தனை நாளா?"

"இங்கதான் இருந்துச்சு. சைலன்சர் வழியா போயிட்டு இருந்துச்சு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கியரில் போட்டாள். "இன்னொரு நேர் ரோடு வருமா?" என்று கேட்டாள். பின்சீட்டிலிருந்து தையல்காரர் ஈனக்குரலில், "வரும், ஆனா அவசரம் ஒண்ணும் இல்லையே?" என்றார்.

வந்தது. அதற்குப் பிறகும் ஒன்று வந்தது. தம்பி எண்களைத் திருத்தத் திருத்த அந்த ஏந்தல் இன்னும் இழைவாக, இன்னும் சீக்கிரமாக வந்தது. ஒவ்வொரு தடவையும் சீழ்க்கை கிளம்பும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒருதடவைகூட அது பழகவில்லை.

மலை உச்சியில் லாரிகள் நின்று இளைப்பாறுகிற ஒரு மைதானம் உண்டு, ஓரத்தில் ஒரு டீக்கடையும். அங்கே நிறுத்தியபோது சூரியன் இறங்கி, வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது. அவள் சாவியைத் திருகி இன்ஜினை அணைக்கப் போனாள்.

"அணைக்காத. கொஞ்சம் ஓடட்டும்" என்றான் தம்பி. "இப்போ நிறுத்தினா ஆயிலும் நின்னுடும். உள்ள இருக்கிற சூட்டுல கருகிடும். இறங்கி வா, ஒண்ணு காட்டுறேன்."

பானட்டைத் தூக்கினான். அந்த மங்கலில் உள்ளே ஒரு சிவப்புத் தெரிந்தது. முதலில் அவளுக்கு அது ஏதோ விளக்கு என்று தோன்றியது. பிறகு புரிந்தது. கருத்த நத்தை கருப்பாக இல்லை. பழுத்த பழம் மாதிரி உள்ளிருந்து சிவந்து கனன்றுகொண்டிருந்தது. அதன் வளைவுகளெல்லாம் துலக்கமாகத் தெரிந்தன. ஒரு கையகலம் தள்ளி வெள்ளை நத்தை, தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி, வெள்ளையாகவே இருந்தது. நடுவில் எங்கோ அந்த ஆயில் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் ஒரு லாரி மூச்சிரைத்துக்கொண்டு வந்து நின்றது. கீழே அவர்கள் தாண்டி வந்த அதே லாரி. ஓட்டுநர் குதித்து இறங்கி வேகவேகமாக வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று தையல்காரர் அக்காவுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"இந்த வண்டியாய்யா என்னைத் தாண்டிச்சு? உள்ள என்னத்தைய்யா வச்சிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார். தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "தொடலாமா?" என்றார்.

"தொடாதீங்க" என்று அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். "சும்மா பாருங்க."

டீக்கடையிலிருந்து இன்னும் இரண்டு மூன்று பேர் டம்ளர்களோடு வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் கேள்வி கேட்க வாயெடுத்து, கேட்காமல், எட்டிப் பார்த்தபடி நின்றார்கள். இன்ஜின் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஆழத்துக்குப் போனது. ஓரங்களில் முதலில் அணைந்தது, பிறகு வளைவில், கடைசியாக நடுவில்.

தம்பி இன்ஜினை அணைத்தான். சூடு ஆறும் இரும்பு டிக், டிக் என்று தனக்குத்தானே பேசத் தொடங்கியது. கையில் டீ ஆறிப்போவது தெரியாமல் அத்தனை பேரும் இருண்டுபோன அந்த நத்தையைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அக்கா எல்லோருக்கும் முன்னால் நின்றாள்.